ஷேடி சாண்ட்ஸை அழித்திருக்க வேண்டுமா? ஃபால்அவுட் தொடர் பற்றி

பழுப்பேடு எழுதியது:

முதல் சீசனின் கதையை முழுவதும் பேசப்போகிறேன். பார்க்காதவர்கள் எட்டு எபிசோடையும் பார்த்துவிட்டு இந்தப் பக்கம் வாருங்கள்.

அணுகுண்டுப் போருக்குப் பின் பாழான அமெரிக்காவில் நடக்கும் ஃபால்அவுட், 2024 ஏப்ரலில் அமேசான் பிரைமில் வந்தபோது இரண்டே நாளில் பார்த்து முடித்தேன். வீடியோ கேமை வைத்து எடுத்த தொடர் என்றாலே வயிற்றில் புளியைக் கரைக்கும். இதில் முதல் பத்து நிமிடத்திலேயே அந்தப் பயம் போய்விட்டது. லாஸ் ஏஞ்சலஸ் மலைச்சரிவில் ஒரு பணக்கார வீட்டுப் பிறந்தநாள் விழா. கௌபாய் உடையில் பிள்ளைகளுக்கு வேடிக்கை காட்ட வந்திருக்கிறார் கூப்பர் ஹோவர்ட் என்ற நடிகர். குண்டு வெடித்தால் கையை நீட்டிக் கட்டைவிரலை அந்த மேகத்துக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டும், மேகம் விரலைவிடச் சிறியதென்றால் ஓடித் தப்பலாம், பெரியதென்றால் ஓடிப் பயனில்லை என்று தன் மகளுக்குச் சொல்கிறார். சற்று நேரத்தில் நகரத்தின் மேல் மேகம் எழும்புகிறது. அப்பாவின் விரலை வைத்து அளப்பதா, தன் விரலை வைத்து அளப்பதா என்று அந்தச் சிறுமி கேட்கிறாள். விளையாட்டில் 1997 முதல் கட்டைவிரலைத் தூக்கிச் சிரித்துக்கொண்டிருக்கும் அந்தப் பொம்மைப் பையனை ஒரே கேள்வியில் நெஞ்சைப் பிசையும் உருவமாக மாற்றிவிட்டார்கள். இயக்குநர் ஜோனதன் நோலனுக்கு அந்த இடத்திலேயே தலைவணங்கினேன்.

ஆனால் ஆறாவது எபிசோட். வால்ட் 4 என்ற நிலவறைக் குடியிருப்பின் வகுப்பறையில் தொடரின் நாயகி லூசி நிற்கிறாள். கரும்பலகையில் ஷேடி சாண்ட்ஸின் வரலாறு வரிசையாக எழுதியிருக்கிறது. அதன் வீழ்ச்சி 2277 என்று போட்டு, அங்கிருந்து ஓர் அம்புக்குறி, அம்பின் நுனியில் சாக்பீஸால் வரைந்த காளான் மேகம். அதோடு முடிந்தது.

அந்தப் பலகையை அப்படியே நிறுத்திவைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் ஃபால்அவுட்டை விளையாடியவர்களுக்கு ஷேடி சாண்ட்ஸ் எது என்று தெரியும். வால்ட் 13-இல் தண்ணீரைச் சுத்திகரிக்கும் சில்லு பழுதாகிவிட்டது, 150 நாளுக்குள் மாற்றுச் சில்லோடு வா என்று உங்களை வெளியே தள்ளிக் கதவை மூடுகிறார்கள். பாலைவனத்தில் நடக்கிறீர்கள். முதலில் எதிர்ப்படும் ஊர் அது. மண்சுவர், நாலைந்து வீடு, ஒரு கிணறு, கொஞ்சம் சோளம். ஊர்த்தலைவர் ஆரதேஷ். அவர் மகள் டாண்டி. அந்த ஊர்க்காரர்கள் தர்மா என்ற பெயரைச் சொல்லி வணங்குவார்கள். நம் காதில் அது எப்படி விழும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஊருக்குப் பக்கத்துக் குகையில் இருக்கும் ராட்சதத் தேள்களைக் கொன்று, ஒரு வாலை வைத்தியர் ராஸ்லோவிடம் கொடுத்தால் மருந்து கிடைக்கும். டாண்டியைக் கொள்ளையர்கள் தூக்கிப்போனால் நீங்கள்தான் மீட்டுவர வேண்டும்.

1998-இல் இரண்டாவது ஆட்டம் வந்தது. எண்பது ஆண்டுகள் கழித்து நடக்கும் கதை. அந்த மண்சுவர் ஊர் ஒரு குடியரசின் தலைநகராக நிற்கிறது. அதன் ஜனாதிபதி, வயது முதிர்ந்த டாண்டி! ஒரு விளையாட்டில் எனக்கு அதைவிடப் பெரிய பரிசு கிடைத்ததில்லை. நான் மீட்ட பெண் ஒரு நாட்டை ஆள்கிறாள்.

அதைத்தான் ஒரு அம்புக்குறியில் முடித்துவிட்டார்கள். இது தேவைதானா? உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

---

தென்கரை எழுதியது:

வருத்தம் புரிகிறது நண்பரே. ஆனால் நியாயமாகப் பார்த்தால் ஊரைக் கிராமமாகக் காட்டியதும் ஆட்டத்தை உருவாக்கியவர்கள், தலைநகராக்கியதும் அவர்கள்தான். நம்மைக் கேட்டா செய்தார்கள்? நமக்குப் பிடித்த மாற்றம் வந்தபோது கைதட்டினோம், பிடிக்காதது வரும்போது கேட்காமல் செய்தார்கள் என்கிறோம்.

வீடியோ கேமிலிருந்து தொடர் எடுப்பவர்களுக்கு இரண்டு வழிதான். ஒன்று கதையை அப்படியே எடுப்பது, மற்றொன்று உலகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கிளைக்கதை சொல்வது. ஃபால்அவுட்டில் முதல் வழி நடக்கவே நடக்காது. உங்கள் நாயகன் டாண்டியை மீட்டான். என்னுடையவன் கொள்ளையரோடு பேரம் பேசினான். என் தம்பியுடையவன் ஊரிலேயே எல்லோரையும் சுட்டுவிட்டுக் கிளம்பினான். இதில் யாருடைய கதையை எடுப்பார்கள்?

---

கல்வெட்டு எழுதியது:

கரும்பலகையைப் பற்றி ஒரு திருத்தம். 2277 என்பது வீழ்ச்சி தொடங்கிய ஆண்டு. அம்புக்குறி அதற்குப் பிறகு நடந்ததைக் காட்டுகிறது. இதே வரிசையில் வந்த நியூ வேகஸ் ஆட்டத்தின் கதை நடப்பது 2281-இல். அதில் குடியரசு உயிரோடு இருப்பதால், தொடர் அந்த ஆட்டத்தையே இல்லாமல் ஆக்கிவிட்டது என்று ரசிகர்கள் கொதித்தார்கள். குண்டு விழுந்தது நியூ வேகஸ் நிகழ்ச்சிகளுக்குப் பிறகுதான் என்று ஆட்டங்களின் உரிமையுள்ள பெத்தெஸ்டா நிறுவனத்தின் தரப்பில் விளக்கம் சொன்னார்கள். ஆக, ஆட்டத்தின் காலவரிசை உடையவில்லை.

ஆனால் விளக்கம் சொல்ல வேண்டிய நிலை வந்ததே ஒரு குறைதான். அந்தப் பலகையில் இன்னும் ஒரு வரி, ஓர் ஆண்டு சேர்த்து எழுதியிருந்தால் போதும். நான்கு விநாடி வேலை.

இடமும் மாறியிருக்கிறது. பழைய ஆட்டத்தின் வரைபடத்தில் ஷேடி சாண்ட்ஸ் வடகிழக்கே, லாஸ் ஏஞ்சலஸிலிருந்து வெகுதொலைவு. தொடரில் லாஸ் ஏஞ்சலஸுக்கு அருகிலேயே கொண்டுவந்துவிட்டார்கள். லூசி நடந்தே போய்ச் சேர வேண்டும் என்பதற்காக ஒரு தலைநகரத்தை நகர்த்தியிருக்கிறார்கள். இதற்கு யாரும் விளக்கம் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை.

---

பழுப்பேடு எழுதியது:

தென்கரை, ஒரு நாயகனின் கதையை எடுத்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை. கிளைக்கதைதான் சரி. என் கேள்வி வேறு. 2008-இல் மூன்றாவது ஆட்டம் வாஷிங்டனுக்குப் போனது. 2015-இல் நான்காவது பாஸ்டனுக்கு. 2018-இல் ஃபால்அவுட் 76 மேற்கு வர்ஜீனியாவுக்கு. ஒவ்வொரு முறையும் புது மண்ணில் கடைக்கால் போட்டார்கள். பழைய ஊர்களைப் பழைய ஆட்டக்காரர்களின் நினைவில் விட்டுவிட்டுப் போனார்கள். அமெரிக்கா எவ்வளவு பெரிய நாடு. தொடருக்கு மட்டும் ஏன் கலிஃபோர்னியா? ஏற்கெனவே ஆட்கள் குடியிருக்கும் வீட்டை இடித்துத்தான் புது வீடு கட்ட வேண்டுமா?

---

நடுநிசி எழுதியது:

ஏன் கலிஃபோர்னியா என்பதற்குத் தொடரே பதில் சொல்கிறது அண்ணா. கூப்பர் ஹோவர்ட் ஒரு திரைப்பட நடிகர். போருக்கு முன்னால், அந்த நிலவறைகளைக் கட்டி விற்ற வால்ட்-டெக் நிறுவனத்தின் விளம்பரத்தில் நடிக்கிறார். அந்தக் கட்டைவிரல் சிரிப்பே அவருடைய விளம்பரப் படத்திலிருந்துதான் வருகிறது. உலகம் அழியப்போகிறது என்ற பயத்தை அழகாகப் பொட்டலம் கட்டி விற்றவர்கள்தான் உலகத்தை அழிக்கவும் துணிந்தார்கள் என்பது கதையின் அச்சு. அதை ஹாலிவுட் இருக்கும் ஊரைத் தவிர எங்கே சொல்ல முடியும்? பாஸ்டனில் வைத்தால் கூப்பர் இல்லை. கூப்பர் இல்லையென்றால் அவராக நடித்த வால்டன் காகின்ஸ் இல்லை. அவர் இல்லாத தொடரை நான் யோசித்துப் பார்க்கவே விரும்பவில்லை.

முதல் ஆட்டத்திலேயே லாஸ் ஏஞ்சலஸ் எலும்புக்காடாக வருகிறது, நினைவிருக்கிறதா? அவர்கள் அந்நிய மண்ணில் கால் வைக்கவில்லை. தாய்வீட்டுக்குத்தான் திரும்பினார்கள்.

---

மின்மினி எழுதியது:

நான் இந்த ஆட்டங்கள் எதையும் விளையாடியதில்லை. கல்லூரித் தோழி சொல்லித் தொடரைப் பார்த்தேன். விளையாடாதவர்களின் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை சொல்லலாமா?

எனக்கு ஷேடி சாண்ட்ஸ் என்ற பெயரே தொடரில்தான் அறிமுகம். முதலில் அது ஒரு பெரிய பள்ளம். பிறகு தொடரின் இன்னொரு முக்கியப் பாத்திரமான மாக்சிமஸ், சிறுவனாக ஒரு குளிர்சாதனப் பெட்டிக்குள்ளிருந்து ஏறி வெளியே வந்து சுற்றிலும் பார்க்கிறான், ஊர் இல்லை. கடைசியில்தான் தெரிகிறது, லூசியின் அம்மா ரோஸ் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நிலவறையை விட்டு அந்த ஊருக்குத்தான் போயிருக்கிறாள். குண்டைப் போடச் செய்தவன் லூசியின் அப்பா ஹாங்க். மனைவி தன்னை விட்டுப் போனாள், தன் நிறுவனத்தின் தயவில்லாமல் மேலே ஓர் ஊர் நன்றாக வாழ்கிறது. இரண்டையும் அவனால் பொறுக்க முடியவில்லை.

கிரிஃபித் வானாய்வகத்தில் மேசையருகே உட்கார்ந்திருக்கும் அந்த உருவம், மனித முகமே போய்விட்ட அந்த உடல், தன் அம்மா என்று லூசி புரிந்துகொள்ளும் இடத்தில் எனக்கு மூச்சு நின்றுவிட்டது. அப்பாவைத் தேடி எட்டு எபிசோடு நடந்து வந்தவள் அம்மாவைச் சுட வேண்டிவருகிறது. ஊர் அழியாமல் இருந்திருந்தால் இந்தக் காட்சி ஏது? உங்களுக்கு இழப்பாகத் தெரிவது எனக்குக் கதையாகவே வந்து சேர்ந்திருக்கிறது.

---

பழுப்பேடு எழுதியது:

மின்மினி, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். ஹாங்க்கின் காரணம் பற்றி நான் இப்படி யோசிக்கவில்லை. நிறுவனத்தின் தயவில்லாமல் ஓர் ஊர் வாழ்ந்தது என்பதே அதன் குற்றம். ஒப்புக்கொள்கிறேன், அது வலுவான கரு.

---

ஆழிமுத்து எழுதியது:

ஒப்பிட்டுப் பார்க்க மற்ற தொடர்களையும் கொஞ்சம் பேசலாம்.

ஹேலோ. 2001 முதல் வந்த ஆட்டங்களில் நாயகன் மாஸ்டர் சீஃபின் முகத்தை முழுதாகக் காட்டியதே இல்லை. தலைக்கவசத்துக்குள் இருப்பது நாம் என்பதுதான் அதன் ரகசியம். 2022-இல் தொடர் வந்தது. முதல் எபிசோடிலேயே கவசத்தைக் கழற்றிவிட்டார். நடிகருக்கு முகம் வேண்டும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் கழற்றிய அந்த நொடியே அவர் வேறு யாரோ ஆகிவிட்டார். ஆட்டத்தின் கதையோடு மோதாமலிருக்கத் தனிக் காலக்கோடு என்று அறிவித்துத்தான் எடுத்தார்கள். இரண்டு சீசனோடு 2024-இல் நிறுத்தியாயிற்று.

தி லாஸ்ட் ஆஃப் அஸ் அதற்கு நேர் எதிர். 2013-இல் வந்த ஆட்டத்தின் கதையைப் பெரும்பாலும் வரிக்கு வரி எடுத்தது. ஆனால் எல்லோரும் நினைவில் வைத்திருப்பது மூன்றாவது எபிசோடை. ஆட்டத்தில் பில் தனியாக இருக்கிறான். ஃப்ராங்க் முன்பே தூக்கிட்டு இறந்துவிட்டான், பில் மீது கசப்பைக் கொட்டி எழுதிய ஒரு கடிதத்தை விட்டுவிட்டு. அந்தக் கடிதத்தை எடுக்காமலே கடந்து போனவர்கள் எத்தனையோ பேர். தொடரில் அந்த இருவரின் பல ஆண்டு வாழ்க்கையை ஒரு முழு எபிசோடாக எடுத்தார்கள், கசப்பை அன்பாக மாற்றி. மூலத்தை மாற்றினார்கள், ஆனாலும் யாருக்கும் எதையும் பறிகொடுத்ததாகத் தோன்றவில்லை. மூலத்தில் ஓரமாகக் கிடந்ததை எடுத்து நடுவீட்டில் வைத்தார்கள்.

பழுப்பேடு சொல்வதை இப்படிப் புரிந்துகொள்கிறேன்: ஃபால்அவுட் தொடர், நடுவீட்டில் இருந்ததை எடுத்து உடைத்துவிட்டது. சரிதானே?

---

பழுப்பேடு எழுதியது:

மிகச் சரி. நான் சொல்லத் தெரியாமல் தவித்ததைச் சொல்லிவிட்டீர்கள்.

---

நடுநிசி எழுதியது:

ஓரத்தில் கிடந்ததை எடுப்பதில் இந்தத் தொடரும் குறைவில்லை. லூசியின் தம்பி நோர்மும் உறவினன் செட்டும் வால்ட் 32-க்குள் போகும் காட்சியை மறுபடி பாருங்கள். அதிகம் பேச்சில்லை. காய்ந்துபோன உடல்கள், அலங்கோலமான அறைகள். என்ன நடந்திருக்கும் என்று ஒவ்வொரு அறையாகப் பார்த்து அவர்களே கோத்துக்கொள்கிறார்கள். ஆட்டத்தில் நாம் இரவு முழுக்கச் செய்தது அதுதானே! ஒரு பாழடைந்த வீட்டுக்குள் போவோம், கட்டிலில் இரண்டு எலும்புக்கூடுகள் கைகோத்துக் கிடக்கும், பக்கத்தில் காலி மருந்துப்புட்டி. யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். நாமே புரிந்துகொண்டு கதவைச் சாத்திவிட்டு வருவோம்.

மூன்று முக்கியப் பாத்திரங்களும் மூன்று வகை ஆட்டக்காரர்கள் என்பது என் எண்ணம். லூசி முதல்முறை விளையாடுபவள். எதிரே வருபவர் எல்லோரிடமும் பேசுவாள், யார் உதவி கேட்டாலும் செய்வாள். மாக்சிமஸ் எப்படியாவது அந்த இரும்புக் கவசத்துக்குள் ஏறிவிட வேண்டும் என்று வருபவன். கூல், அதாவது கதிர்வீச்சில் உருமாறிய கூப்பர், பத்தாவது முறை விளையாடுகிறவன். எந்த அலமாரியில் என்ன இருக்கும் என்று தெரியும், யாருடைய பேச்சையும் முழுதாகக் கேட்க மாட்டான்.

நான்காவது எபிசோடில், லூசியின் விரலையே வெட்டி, உடலுறுப்புக்காக அவளை விற்றுவிட்ட கூல், மருந்தில்லாமல் தரையில் கிடக்கிறான். தப்பித்து வெளியே வருபவள் அவனைச் சுடலாம். மருந்துக்குப்பிகளை அவன் பக்கம் போட்டுவிட்டுப் போகிறாள். ஆட்டத்தில் இப்படி ஒரு தருணத்தில் திரையின் ஓரத்தில் நற்பெயர் கூடியது என்று எழுத்து வரும். தொடரில் எழுத்து இல்லை, அவள் முகம்தான் இருக்கிறது. லூசியாக நடித்த எல்லா பர்னல் அந்த ஓரிடத்தில் என்ன அருமையாகச் செய்திருக்கிறார்!

---

கல்வெட்டு எழுதியது:

உருவாக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அக்கறை இல்லாதவர்கள் இவ்வளவு சிரமப்பட மாட்டார்கள். இரும்புக் கவசத்தை உண்மையாகவே செய்து, சண்டைக் கலைஞரை உள்ளே நிறுத்தி நடக்கவைத்தார்கள். படம் பிடித்தது 35 மி.மீ. பிலிமில். மணல் மூடிய வீடுகளுக்காக நமீபியாவுக்குப் போனார்கள். அங்கே கோல்மன்ஸ்கோப் என்று ஓர் ஊர் இருக்கிறது. வைரம் தோண்ட வந்தவர்கள் கட்டியது. வைரம் தீர்ந்ததும் கைவிட்டுப் போய்விட்டார்கள். இன்று கதவின் பாதி உயரத்துக்கு மணல், சுவரில் பழைய வண்ணம். அந்த மணல் உண்மையான மணல், அந்தப் பாழும் உண்மையான பாழ்.

முதல் ஆட்டத்தை உருவாக்கிய டிம் கெய்ன் தொடரைப் பார்த்துவிட்டுத் தன் யூடியூப் பக்கத்தில் மனம்விட்டுப் பாராட்டியிருக்கிறார். ஊரைக் கட்டியவருக்கே வருத்தமில்லை என்று வாதிட நான் இதைச் சொல்லவில்லை. அவர் பார்வை அது, நம்முடையது நம்முடையது.

---

பழுப்பேடு எழுதியது:

எல்லோரும் சொன்னதை யோசித்தேன். நடிப்பு, கலை, இசை எதிலும் எனக்குக் குறையில்லை. அத்தனை எம்மி பரிந்துரைகள் சும்மா வந்துவிடவில்லை. என் மனத்தில் உறுத்துவது எது என்று இப்போது எனக்கே தெளிவாகிறது.

குண்டு விழுந்தது 2077 அக்டோபர் 23. தொடர் நடப்பது 2296-இல். இடையே 219 ஆண்டுகள். இத்தனை காலத்துக்குப் பிறகும் தெருவில் குப்பை, எலும்பு, கூரையில்லாத கடை. மனிதன் இருநூறு ஆண்டுகள் தன் வாசலைக்கூடப் பெருக்காமல் இருப்பானா? பழைய இரண்டு ஆட்டங்களும் இல்லை என்று சொன்னவை. கிணறு வெட்டுவான், சோளம் போடுவான், சுவர் எழுப்புவான், பிறகு சட்டம் எழுதுவான், நாணயம் அடிப்பான், கொடியில் இரட்டைத்தலைக் கரடியைத் தைப்பான். அந்தக் குடியரசில் குறைகள் மலிந்திருந்தன. நியூ வேகஸ் அதைத் தோலுரித்துக் காட்டியது. வரி, பேராசை, எல்லைக்கு மீறிய படை, ஹூவர் அணைக்கான போர். நம் எல்லா அரசுகளுக்கும் உள்ள நோய்கள்தான். இருந்தாலும் அது மனிதர்கள் எழுந்து நின்றதன் அடையாளம்.

தொடருக்குச் சட்டமில்லாத பாலைவனம் தேவைப்பட்டது. சட்டமுள்ள நாடு ஒன்று அங்கே இருந்தது. அதனால் நாட்டை எடுத்துவிட்டார்கள். மின்மினி சொன்ன அம்மாவின் காட்சி அதற்குப் பின்னால் வந்த அழகு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அழிவுக்குப் பிறகு ஊர் கட்டும் கதைகள் மிகக் குறைவு, அழிவையே திரும்பத் திரும்பக் காட்டும் கதைகள் ஏராளம். இருந்த ஒன்றையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டார்களே என்பதுதான் என் ஆற்றாமை.

---

தென்கரை எழுதியது:

இதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. முதல் பதிவிலேயே இப்படிச் சொல்லியிருந்தால் நான் அப்படி எழுதியிருக்கவே மாட்டேன்.

ஒன்று மட்டும். மோல்டேவர் கடைசியில் என்ன செய்கிறாள் என்று பாருங்கள். சரிதா சௌத்ரி நடித்த பாத்திரம். குடியரசின் கொடியை விடாமல் வைத்திருந்தவள். தொடரில் பலரும் தேடி அலைந்த எரிசக்தியை இயக்கியதும் லாஸ் ஏஞ்சலஸ் முழுக்க விளக்குகள் ஒவ்வொன்றாக எரிகின்றன. அடிபட்டு உட்கார்ந்திருக்கும் அவள் சாவதற்கு முன் அந்த வெளிச்சத்தைப் பார்க்கிறாள். நீங்கள் தேடும் கிணறும் சோளமும் அந்தச் சில விநாடிகளில் இருக்கின்றன.

---

ஆழிமுத்து எழுதியது:

இரண்டாவது சீசன் 2025 டிசம்பரில் தொடங்கி நியூ வேகஸுக்குப் போயிருக்கிறது. அந்த நகரத்தை ஆளும் ஹவுஸாக ஜஸ்டின் தெரூ. அந்த ஆட்டத்துக்கு நான்கு பெரிய முடிவுகள் உண்டு. குடியரசு, சீசரின் படை, ஹவுஸ், அல்லது யாருக்கும் அடங்காத நகரம். ஹவுஸை நீங்களே கொன்றிருக்கவும் கூடும். எந்த முடிவையும் இதுதான் உண்மை என்று அறிவிக்கப்போவதில்லை என்று தொடரை எழுதுகிறவர்கள் சொன்னார்கள். ஷேடி சாண்ட்ஸ் விஷயத்தில் எழுந்த கோபம் அவர்கள் காதில் விழுந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

அது பற்றித் தனி இழை தொடங்குகிறேன். வாரம் ஒரு எபிசோடாக வந்ததால் பேச நிறைய இருக்கிறது.

---

மின்மினி எழுதியது:

பழுப்பேடு அண்ணா, இந்த இழையைப் படித்துவிட்டு நேற்று முதல் ஃபால்அவுட்டை வாங்கினேன். மேலிருந்து பார்க்கும் சின்னச் சின்ன உருவங்கள், ஒவ்வொரு அடியையும் எண்ணி நகர்த்தும் சண்டை, எல்லாமே புதிது. வால்ட் வாசலில் இருந்த எலியிடம் இரண்டு முறை செத்துப்போனேன்.

இன்று காலை ஷேடி சாண்ட்ஸுக்குள் நுழைந்தேன். வாசலில் ஒரு பெண் நிறுத்தி, ஆயுதத்தை உள்ளே வை என்றாள். வைத்தேன். கிணற்றைச் சுற்றி நடந்தேன். டாண்டியைப் பார்த்தேன். இந்த ஊரில் எப்போதும் ஒன்றும் நடப்பதில்லை என்று சலித்துக்கொள்கிறாள். அவளுக்கு என்ன சொல்வதென்று தெரியாமல் உரையாடலை மூடிவிட்டேன்.

ஒரு சந்தேகம். வால்ட் 15-க்குப் போனேன். மின்தூக்கிக் குழி உடைந்திருக்கிறது, கீழே இறங்க முடியவில்லை. என்ன செய்ய வேண்டும்?

---

பழுப்பேடு எழுதியது:

கயிறு வேண்டும் தங்கையே. ஷேடி சாண்ட்ஸுக்குத் திரும்பிப் போங்கள். சேத் என்று ஒருவன் நிற்பான், அவனிடம் கேட்டுப் பாருங்கள். ஒன்றுக்கு இரண்டாக எடுத்துக்கொள்ளுங்கள், கீழே இன்னொரு குழி இருக்கிறது.

போகிற வழியில் ராஸ்லோவையும் பாருங்கள். தேள்கடி பட்டு ஒருவன் அவர் வீட்டில் படுத்திருக்கிறான். அவனை அப்படியே விட்டுவிட்டு வராதீர்கள்.